முனிக்காட்டுத் திருடர்கள்

நிஷாந்தினிக்கு அந்த மாதம் கொடுக்கப்பட்ட வேலை, தன் ஊர்க்காரர்களைத் திருடர்களாக்குவது.

அவள் ஒன்றும் பொலிஸில் இல்லை. கண்டி வாவிக்கு மேலே ஏறும் தெருவில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த கந்தோரில் கள உத்தியோகத்தர். அந்தக் கந்தோரின் பெயர்ப்பலகையை ஒரே மூச்சில் வாசித்து முடிக்க யாராலும் ஆகாது. சுருக்கமாகச் சொன்னால் காடு காக்கும் திட்டம். தூரதேசத்து அரசாங்கம் ஒன்று காசு கொடுக்கும். நம்மைப் போன்ற நாடுகள் காட்டை வெட்டாமல் வைத்திருக்க வேண்டும். மரத்தை வெட்டினால் அதற்குள் இருக்கும் கரியெல்லாம் வானத்துக்குப் போய் உலகம் சூடாகிறது என்பது கணக்கு. அந்தத் தேசத்துக்காரர்கள் தங்கள் காட்டை எப்போதோ வெட்டி விற்று, மாடமாளிகை கட்டி, சுகமாகக் குந்திக்கொண்ட பிறகு வந்த ஞானம் அது. பிந்தி வந்தாலும் காசோடு வந்திருக்கிறதே என்று கிளறன்ஸ் சேர் சொல்வார்.

கிளறன்ஸ் சேர்தான் கந்தோருக்குப் பெரியவர். மஹய்யாவையில் பிறந்து வளர்ந்து, அரசாங்க இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிற குரல். வெளிநாட்டுக்காரருக்கு விண்ணப்பம் எழுதுவதில் கண்டிச் சீமையிலேயே அவரை அடிக்க ஆளில்லை. காட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை, அட்டை கடிக்கும். ஆனால் காட்டைப் பற்றி அவர் எழுதினால் வாசிக்கிறவருக்கு மரம் விழும் சத்தமே கேட்கும்.

இந்தக் காசுக்கு ஒரு விதி உண்டு. காடு சும்மா பச்சையாக நிற்கிறது என்பதற்காக ஒரு சதம் தரமாட்டார்கள். அது அழிந்து போயிருக்க வேண்டிய காடாக இருக்க வேண்டும். நீங்கள் குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டும். வெட்டுகிறவன் வெட்டுவதை விட்டால் காசு. ஆதியிலிருந்தே வெட்டாதவனுக்கு ஒரு கும்பிடுகூடக் கிடையாது.

இது தெரிந்துதான் கிளறன்ஸ் சேர், ஹேவாஹெட்டப் பக்கம் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவு சனங்கள் தாங்கள் குடியிருக்கும் லய வரிசைகளுக்கு மேலே இருக்கும் காட்டைத் தினமும் வெட்டி விறகாக்கி வாழ்கிறார்கள் என்று எழுதிவிட்டார். நிஷாந்தினியின் ஊர் அது. ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த இடத்தைத் தெரிவு செய்தார். எழுதி முடித்த பிறகே அவளுக்குக் காட்டினார். அவள் வாசித்துவிட்டு, அங்கே ஒருவரும் மரம் வெட்டுவதில்லை என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நோயாளி இல்லாத ஊர்ல டொக்டருக்கு யார் சம்பளம் குடுப்பாங்க, பிள்ளை?” என்று கேட்டார்.

நிஷாந்தினி அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. காரணம் அந்த விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. காசு வந்தால் அதில் ஒரு பங்கு அந்தச் சனங்கள் விரும்பும் ஒரு பொது வேலைக்குப் போகும். மேல்பிரிவுக்கு என்ன வேண்டும் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. ரோட்டு வேண்டும்.

மேல்பிரிவிலிருந்து பஸ் போகும் சந்திக்கு இறங்க ஒரு ஒற்றையடிப் பாதைதான். மழை பெய்தால் அதுவும் ஓடையாகிவிடும். அவளுடைய அம்மா இரத்தினம்மாவுக்கு இழுப்பு வியாதி. போன ஐப்பசி மழையில் மூச்சு முட்டி நீலம் பாரித்தபோது, நாலு பேர் அவளைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்துப் புடவையால் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு தரம் வழுக்கி விழுந்தார்கள். குண்டசாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த நிஷாந்தினி செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, அம்மாவின் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து கிடந்தன. இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் கொண்டுவந்தே பிரயோசனமில்லை என்று டொக்டர் சொன்னார். அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் ஊரையே திட்டினாள். ஒரு ரோட்டுக்கு வழி பார்க்க அந்த மலையில் ஒருத்தருக்கும் துப்பில்லையா என்று கேட்டாள். தூக்கிவந்த நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா வாயில் மருந்துப் புகைக் குழாயோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆகவே அடுத்த ஐப்பசிக்கு முன்னால் ரோட்டு வரவேண்டும். அதற்கு மேல்பிரிவு திருட வேண்டும். திருட மனமில்லாவிட்டால், திருடினோம் என்று சொல்லவாவது வேண்டும். தூரதேசத்திலிருந்து ஒரு அம்மா நேரில் பார்க்க வரப்போகிறாள் என்று தகவல் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் தலாத்துஓயா வழியாகப் போகும் ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறி, சந்தியில் இறங்கி, மூச்சு வாங்க ஏறிப் போய், மாரியம்மன் கோயில் முற்றத்தில் ஊரைக் கூட்டி விசயத்தைச் சொன்னாள். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் பத்துப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அது முனிக்காடு. காட்டு வாயிலில் ஒரு கல்லும் சூலமும் உண்டு. அதற்கு அப்பால் எல்லாம் முனியாண்டியின் சொத்து. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சேலையில் ஒரு சுள்ளி மாட்டிக்கொண்டு வந்தால்கூட, திரும்பிப் போய் அங்கேயே போட்டுவிட்டு வருவார்கள். குடைக்குப் பிடி செய்ய ஒரு கம்பு வெட்டி வந்தவனுக்குக் காய்ச்சல் கண்டு, கம்பையும் ஒரு சேவலையும் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் எழுந்து நடந்தான். அடுப்புக்கு இவர்களிடம் மிலாறு இருந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கழிக்கிற குச்சிதான் மிலாறு. வருஷம் முழுக்க அதைக் கட்டித் தூக்கிவந்து எரிப்பார்கள். காட்டு விறகு எரித்த அடுப்பு மேல்பிரிவில் ஒன்றுகூட இல்லை.

“செய்யாதத செஞ்சோம்னு சொல்றது பாவம். அதுவும் முனி காதுல விழுற தூரத்துல,” என்றார் கோயில் தலைவர் பழனியாண்டி.

நிஷாந்தினி ரோட்டைப் பற்றிப் பேசினாள். ஆட்டோ லயத்து வாசலுக்கே வரும் என்றாள். பிள்ளைத்தாய்ச்சிகள் மலை இறங்கத் தேவையில்லை என்றாள். சனங்கள் காட்டையும் பார்த்தார்கள், பாதையையும் பார்த்தார்கள். கடைசியில் முனியிடமே கேட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியே வெற்றிலையில் மடித்துக் கல்லுக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு. பழனியாண்டி மடித்துப் போட்டார். மேட்டு லயத்து வீரம்மா அத்தை கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். வெள்ளை வந்தது. ஊர் பெருமூச்சு விட்டது. இரண்டு வெற்றிலையிலுமே வெள்ளைதான் இருந்தது என்று பழனியாண்டி மாமா பிற்பாடு நிஷாந்தினியிடம் மட்டும் சொன்னார். முனிக்கும் வயதாகிவிட்டது, அவருக்கும் ஆட்டோ வேணாமா என்று கேட்டார்.

அதன்பிறகு ஒத்திகை. நிஷாந்தினி அளந்துதான் சொல்லிக் கொடுத்தாள். முன்பெல்லாம் கிழமைக்கு ஒரு கட்டு விறகு எடுத்தோம், எப்போதாவது ஒரு சின்ன மரம் வெட்டினோம், இப்போது திட்டத்துக்காரர் வந்து புத்தி சொன்னதால் விட்டுவிட்டோம். அவ்வளவுதான். வீரம்மா அத்தைக்கு அது போதவில்லை. அழுதுகொண்டே சொல்லட்டுமா என்று கேட்டாள். அழத் தேவையில்லை என்று நிஷாந்தினி சொன்னாள். முந்தானையை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன் என்று பேரம் பேசி வாங்கிக்கொண்டாள். ஊரே உற்சாகமாகிவிட்டது. இத்தனை வருஷம் யோக்கியமாக இருந்து சலித்துப் போனவர்கள் போல ஆளுக்கொரு கத்தியைத் தேடி எடுத்துத் துரு துடைத்தார்கள்.

இரத்தினம்மா மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தனக்குப் பேச வராது, தன்னை விட்டுவிடு என்றாள். நிஷாந்தினிக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பொய்யும் யாருக்காக? அம்மாவுக்கு வாய் வலிக்குமா என்று மனதுக்குள் பொரிந்துகொண்டு மலை இறங்கினாள்.

தூரதேசத்திலிருந்து வந்த அம்மாவின் பெயர் மார்த்தா. நல்ல உயரம், நரைத்த குட்டைத் தலைமுடி, மலை ஏறப் பழகிய சப்பாத்து. சந்தியில் வாகனத்தை விட்டு ஏறத் தொடங்கியபோது முன்னால் போனது அவள்தான். பின்னால் கிளறன்ஸ் சேர், காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, அட்டைக்குப் பயந்து காலுக்கெல்லாம் சவர்க்காரம் பூசிக்கொண்டு ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை, சவர்க்காரம் நுரைத்திருந்தது.

கோயில் முற்றத்தைப் பார்த்ததும் நிஷாந்தினிக்குத்தான் பேச்சு நின்றது. பந்தல் போட்டு, தோரணம் கட்டி, திருவிழாவுக்கு எடுக்கிற ஒலிபெருக்கியை எடுத்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். பழனியாண்டி மாமா சால்வை போட்டுக்கொண்டு மைக்கோடு நின்றார். தொரசாணியம்மா வர்றாங்க, சும்மாவா கூட்டம் போடுறது என்றார். அவள் மைக் வேண்டாம் என்று கெஞ்சினாள். வாடகை குடுத்தாச்சு என்று சொல்லிவிட்டார்.

மேல்பிரிவுத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியமாக இருக்காது. அங்கே கோயிலுக்குச் சந்தா கொடுப்பவர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். மேட்டு லயத்து இன்னார் குடும்பம் இவ்வளவு என்று வாசித்துவிட்டால், பள்ளத்து லயத்து இன்னார் அதற்குக் கீழே இறங்கமாட்டார். கைமாற்று வாங்கியாவது ஒரு படி மேலே போவார். இரண்டு லயத்துக்கும் நடுவே அப்படியொரு மானப் பிரச்சினை. அந்த மைக் கையில் வந்தால் பழனியாண்டி மாமாவுக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது.

முதலில் மாணிக்கம் எழுந்து, சொல்லிக்கொடுத்தபடியே, எப்போதாவது ஒரு சின்ன மரம் வெட்டினேன் என்று அடக்கமாகச் சொன்னான். மாமா மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“பள்ளத்து லயம், மாணிக்கம் குடும்பத்தின் சார்பில், ஒரு மரம்.”

ஒலிபெருக்கி மலைக்கு மலை அதைச் சொன்னது. பள்ளத்து லயம் கைதட்டியது. மேட்டு லயத்தில் சலசலப்பு. அங்கிருந்து ஒருவர் எழுந்து தான் மூன்று வெட்டியதாகச் சொன்னார். பள்ளத்தில் ஒருவர் ஐந்து என்றார். வீரம்மா அத்தை முந்தானையைக் கண்ணில் ஒற்றுவதை மறந்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேட்டு லயத்துப் பொம்பளைங்க மட்டும் மாதம் பத்து மரம் சாய்த்ததாகவும், ஆம்பளைங்க வெட்டியது தனி என்றும் அறிவித்தாள். மாமா ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் குடும்பத்தின் பெயரோடு, மரியாதையோடு, நன்றி சொல்லி வாசித்தார். கல்யாணம் கட்டிப் போன மகள்மார் பெயரிலும் மரங்கள் விழுந்தன. கொழும்பில் கடையில் நிற்கிறவன் பெயரில் நாலு விழுந்தது. போன வருஷம் செத்துப்போன ஒருவரின் நினைவாக ஆறு.

கிளறன்ஸ் சேர் முதலில் உள்ளபடி இங்கிலிஷில் சொன்னார். பிறகு பாதியாகக் குறைத்துச் சொன்னார். பிறகு கால்வாசி. நெற்றியில் வியர்வை வடிந்தது. நிஷாந்தினி மாமாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள், கடைசியில் ஒலிபெருக்கி வயரைத் தேடிப் பார்த்தாள். அது வேப்பமரத்து உச்சியில் இருந்தது.

மார்த்தா பேனாவை மூடிவைத்தாள். திரும்பி, முற்றத்துக்குப் பின்னால் எழுந்து நின்ற காட்டைப் பார்த்தாள். ஒரு இடுக்கு இல்லாமல், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து, பாசி தொங்க நின்றது. நீங்கள் சொன்ன கணக்குப்படி இந்தக் காடு இரண்டு தரம் முடிந்துபோயிருக்க வேண்டுமே, ஒரு அடிக்கட்டையையாவது காட்டுங்கள் என்றாள்.

இதைச் சேர் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தே ஊர் அடங்கிவிட்டது. வீரம்மா அத்தை முந்தானையைத் தேடினாள். சேர் தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிவிட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மார்த்தா நிஷாந்தினியைக் கூப்பிட்டாள். இந்தக் காட்டிலிருந்து யாராவது எப்போதாவது மரம் எடுத்தார்களா, நீயே கேட்டுச் சொல் என்றாள். நிஷாந்தினிக்கு இன்னும் ஒரு பொய் சொல்ல இடம் இருந்தது. அடிக்கட்டையெல்லாம் காட்டுக்கு நடுவில் இருக்கிறது, வழி மோசம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். முன் வரிசையிலிருந்து அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஷாந்தினி கேள்வியை உள்ளபடியே ஊரிடம் கேட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்கள், மேட்டு லயமும் பள்ளத்து லயமும் சேர்ந்து. சந்தா விசயத்தில் அந்த ஊர் ஒன்றுபட்டது அதுதான் முதல் தடவை.

மார்த்தாவுக்குக் கோபமில்லை. கவலைதான் வந்தது. வெட்டியிருக்கமாட்டீர்கள் என்றால் நான் எதைத் தடுத்ததாகக் காசு தருவது, இந்தக் காட்டுக்கு ஆபத்தே இல்லையே என்று சொன்னாள். நிஷாந்தினி அதைத் தமிழில் சொன்னாள். ரோட்டு போய்விட்டது. அடுத்த ஐப்பசியும் அந்தக் கதிரைதான்.

“வெட்டுறவனுக்குத்தான் காசுன்னா இருங்க, இப்பவே ஒண்ண சாய்ச்சுட்டு வர்றேன்,” என்று வீரம்மா அத்தை கத்தியை எடுத்தாள். நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர்கள் பிடிக்காவிட்டாலும் அவள் காட்டு வாயில்வரை போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுத் திரும்பியிருப்பாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மார்த்தா புறப்பட எழுந்தாள். எழுந்தவள் இன்னொரு கேள்வி கேட்டாள். நீங்கள் தொடவில்லை, சரி. வேறு யாராவது இந்த மரங்கள்மேல் கண் வைத்தார்களா?

நிஷாந்தினி இதை மொழிபெயர்த்தாள். எல்லாருடைய தலையும் மெதுவாக இரத்தினம்மா பக்கம் திரும்பியது. பழனியாண்டி மாமா மைக்கைக் கீழே வைத்தார்.

“சொல்லிடு இரத்தினம். இனி மறைச்சு என்னா,” என்றார்.

இரத்தினம்மா எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, மகளைப் பார்க்காமல் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மர முதலாளி ஆட்களோடு வந்தான். காட்டு வாயில்வரை லொறி ஏற ரோட்டு வெட்டித் தருகிறேன், ஒரு சதம் வேண்டாம், சனங்கள் மட்டும் எதிர்க்காமல் இருந்தால் போதும், மேலிடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். சிவப்பு மை பூசிய முளைக்குச்சிகளையும் வரிசையாக அடித்துவிட்டான். ஊரில் முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள். இதே முற்றத்தில் எழுந்து வேண்டாம் என்றது இரத்தினம்மா.

“எனக்கு இழுப்பு அப்பவும் இருந்துச்சுங்க. ரோட்டு வேணாம்னு சொல்ல எனக்கு என்னா கிறுக்கா? ஆனா அது எங்கள எறக்க வர்ற ரோட்டு இல்ல, மரத்த எறக்க வர்ற ரோட்டு. மரம் போனா நாங்க குடிக்கிற பீலியில தண்ணி போயிரும். தண்ணி போனா அப்பறம் நாங்களே மூட்டைய கட்டிக்கிட்டு அந்த ரோட்டுல எறங்க வேண்டியதுதான்.”

அவள் சொன்னதை ஒவ்வொருவராக ஏற்றுக்கொண்டார்கள். முதலாளி ஏசிவிட்டு இறங்கிப் போனான். கந்தோரில் இருக்கிற மகளுக்கு இது தெரியக்கூடாது, தெரிந்தால் சண்டைக்கு வருவாள் என்று இரத்தினம்மா ஊரிடம் சத்தியம் வாங்கினாள். ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் சற்று முன்புதான் சந்தி சிரிக்க வைத்த அதே ஊர், இரண்டு வருஷமாக இந்த உண்மையை வாய் திறக்காமல் காத்து வந்திருந்தது. கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கிய அன்று, வழுக்கி விழுந்த எரிச்சலில் மாமா, அன்னிக்கே சரின்னு தலைய ஆட்டியிருந்தா இன்னிக்கு லொறியில போயிருப்ப என்று சொன்னாராம். மூச்சில்லாத வாயால் அவள் சிரித்தாளாம்.

நிஷாந்தினி இதையெல்லாம் இங்கிலிஷில் சொல்லிக்கொண்டே கேட்டாள், கேட்டுக்கொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியில் தான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. ஒரு ரோட்டுக்கு வழி பார்க்க ஒருத்தருக்கும் துப்பில்லையா. நாலு பேரும் ஏன் தரையைப் பார்த்தார்கள் என்று இப்போது விளங்கியது. வெட்கமாக இருந்தது. அம்மாமேல் கோபமாக இருந்தது. அதற்கு மேலே, சொல்லத் தெரியாத பெருமையாக இருந்தது. லொறிக்கு இங்கிலிஷில் என்ன என்று தெரியாமல் நின்றாள். லொறிதான் என்று மார்த்தாவே எடுத்துக் கொடுத்தாள்.

முளைக்குச்சிகள் எங்கே என்று மார்த்தா கேட்டாள். ஊரே எழுந்து காட்டப் போனது. சந்தியிலிருந்து காட்டு வாயில்வரை அவை இன்னும் நின்றன. அவற்றை நிஷாந்தினியும் பல தரம் பார்த்திருக்கிறாள். தோட்டத்துக்காரர் நிலம் அளக்க அடித்தது என்று வீரம்மா அத்தை சொன்னதை நம்பியிருந்தாள். ஒன்றில் ஆடு கட்டியிருந்தது. இரண்டுக்கு நடுவே அத்தையின் சேலைகள் காய்ந்தன. ஒன்றில் பாகற்கொடி ஏறிக் காய்த்திருந்தது. மார்த்தா குச்சி குச்சியாகப் படம் எடுத்தாள். ஆட்டையும் எடுத்தாள். இந்த அகலத்தில் ரோட்டு வந்திருந்தால் இரண்டு வருஷத்தில் காடு முடிந்திருக்கும், இதுதான் நான் தேடி வந்தது, இதை ஏன் ஒருவரும் எழுதவில்லை என்று கேட்டாள். கிளறன்ஸ் சேர் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டார். இருமினார்.

பதிலுக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்று மார்த்தா கடைசியாகக் கேட்டாள். எல்லாரும் ஒரே குரலில் ரோட்டு என்றார்கள்.

மார்த்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். ரோட்டை நிறுத்தியதற்காக நான் காசு தருகிறேன், அந்தக் காசில் ரோட்டு போடுவோம் என்கிறீர்களே, இதை நான் ஊரில் போய் எப்படிச் சொல்வது என்றாள். நியாயமான கேள்விதான். நிஷாந்தினி அதைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“லொறி ரோட்டு யாரு கேட்டா? ஆட்டோ வர்ற அளவு போதும்,” என்றாள் இரத்தினம்மா. இரண்டு கையையும் விரித்து அகலத்தைக் காட்டினாள். அவ்வளவு குறுகலில் மரம் ஏற்றிய லொறி சந்தியிலேயே மாட்டிக்கொள்ளும். வளைவுகளில் இரண்டு பக்கமும் கருங்கல்லை நட்டுவிட்டால் அந்த முதலாளியே காரில் வந்தாலும் இறங்கி நடக்க வேண்டியதுதான். மார்த்தா அந்தக் கைகளுக்கு நடுவே இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தன் சப்பாத்தால் நிலத்தில் அதே அகலத்தை அளந்து பார்த்தாள்.

கிளறன்ஸ் சேர் புதிதாக எழுதிய விண்ணப்பம் முன்னையதில் கால்வாசிகூட வரவில்லை. உண்மையை எழுதினால் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்று அவருக்கே ஏமாற்றம். ஆனாலும் பழக்கதோஷத்தில் தலைப்பை மட்டும் நீட்டி வைத்தார். காசு ஒப்புதலாகி, கொங்கிரீட் போட்டு, வளைவுகளில் கல் நட்டு முடியப் புரட்டாசியாகிவிட்டது. சீமெந்து மூட்டையை எந்த லயம் அதிகம் தூக்கியது என்று பழனியாண்டி மாமா மைக் இல்லாமலே அறிவித்துக்கொண்டிருந்தார்.

திட்டம் முடிந்தால் பலகை நட வேண்டும். அது விதி. தூரதேசத்திலிருந்தே வாசகம் எழுதி அனுப்பியிருந்தார்கள். மூன்று மொழியில், அந்த நாட்டுக் கொடியோடு, சந்தியில் ரோட்டு தொடங்கும் இடத்தில் நட்டார்கள். “இவ்விடத்தில் வீதி அமைவது தவிர்க்கப்பட்டது.”

ஐப்பசி முதல் மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரம், கிளினிக்கில் மருந்து எடுத்துக்கொண்டு இரத்தினம்மாவும் நிஷாந்தினியும் ஹேவாஹெட்டயில் ஆட்டோ பிடித்தார்கள். புது ஆள். சந்தியில் திரும்பியவன் பலகையைக் கண்டு நிறுத்திவிட்டான். இறங்கிப் போய்த் தமிழில் வாசித்தான், சிங்களத்திலும் வாசித்துச் சரிபார்த்தான். முன்னால் நீண்டு கிடந்த கொங்கிரீட்டைப் பார்த்தான். திரும்பி வந்து, இங்க ரோட்டு இல்லன்னு போட்டிருக்கே, மேல போனா பொலிஸ் பிடிக்குமா என்று கேட்டான். மழை துளி போடத் தொடங்கியிருந்தது.

நிஷாந்தினி விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். வானம் சூடாவதிலிருந்து தொடங்கவேண்டும். எங்கே போய் முடிப்பது என்று தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் போய்க் கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சீற்றில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மூச்சு சீராக இருந்தது.

“அது நாங்க வேணாம்னு சொன்ன ரோட்டு, தம்பி,” என்றாள். “நீங்க இதுல போங்க.”